போலீஸ் என்றால் காவலா?

'போலீஸ்' என்ற சொல்லில் முதலில் காவலும் இல்லை, திருடனும் இல்லை. கிரேக்கத்தில் 'போலிஸ்' என்றால் நகரம். அதிலிருந்து நகர ஆட்சியைக் குறிக்கும் சொல் ஒன்று பிறந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 'பாலிடிக்ஸ்', அரசுகள் வகுக்கும் 'பாலிசி' இரண்டும் இதே வேரில் வந்தவை. காப்பீட்டு பாலிசி மட்டும் வேறு வேர்.

அதனால்தான் 1667இல் பாரிஸுக்கு முதல் போலீஸ் தலைவராக வந்த லா ரேனி, குற்றங்களோடு தெருவிளக்கு, குப்பை, உணவு வரத்து எல்லாவற்றையும் கவனித்தார். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் 'போலீஸ் அறிவியல்' என்று கற்பித்ததும் நல்ல நிர்வாகத்தைத்தான். 1829இல் ராபர்ட் பீல் லண்டனில் சீருடைப் படையை அமைத்தார். குற்றத்தைத் தடுப்பதே அதன் முதல் வேலை என்றானது. சென்னை மாகாணத்துக்கு 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

சரி, தமிழில்? 'கா' என்ற வேர்ச்சொல்லுக்கே காப்பாற்று என்று பொருள். காப்பு, காவல், காவலன் எல்லாம் அதன் பிள்ளைகள். சங்க நூலான மதுரைக்காஞ்சியில் ஒரு காட்சி உண்டு. நள்ளிரவு, தெருவில் மழைநீர் திரண்டு ஓடுகிறது, அப்போதும் சோர்வில்லாமல் சுற்றி வருகிறார்கள் 'ஊர்காப்பாளர்'. அவர்களைப் புலவர் 'நூல்வழிப் பிழையா நுணங்குநுண் தேர்ச்சி' உடையவர்கள், அதாவது நூல் சொன்ன வழி தவறாத நுட்பமான தேர்ச்சி பெற்றவர்கள் என்கிறார். காவல் என்பது கற்றுத் தேற வேண்டிய தொழில் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது! இந்த ஒரு வரிக்காகவே 'காவல்' என்ற சொல்லை நான் விடமாட்டேன். சோழர் கல்வெட்டுகளிலும் 'பாடிகாவல்' என்று ஊர்க்காவலுக்கான வரி வருகிறது.

அப்புறம் வந்தவை கொத்தவால் (நகரக் காவல் தலைவர்), டாணா (காவல் நிலையம்) போன்ற சொற்கள். 'ஏட்டு' என்பதை ஏட்டில் எழுதுபவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தலைமைக் காவலரைக் குறிக்கும் ஆங்கிலப் பதவிப்பெயரின் முதல் பாதியான 'ஹெட்' திரிந்தது.

இன்று தமிழ்நாட்டில் காவல் துறை, காவல் நிலையம், காவல் ஆய்வாளர் எல்லாம் நன்றாக ஊன்றிவிட்டன. இலங்கைத் தமிழில் 'பொலிஸ்' நிலைத்திருக்கிறது. துறையைச் சொல்லக் காவல் துறை, ஆளைச் சொல்லக் காவலர், செய்யும் வேலைக்குக் காவற்பணி, அதைப் பற்றிய படிப்புக்குக் காவலியல் என்று எழுதலாம். குற்றம் ஏன் நடக்கிறது என்று ஆராயும் குற்றவியல் வேறு, அதோடு குழப்ப வேண்டாம்.

ஒரே ஓர் இடத்தில்தான் இந்தச் சொல் இடறுகிறது. பாதுகாப்பதும் காவல், பிடித்து அடைத்து வைப்பதும் காவல். 'காவல் மரணம்' என்று செய்தியில் படித்தால், இறந்தவர் காவலரா, கைதியா என்றே தெரிவதில்லை. போலீஸ் பிடியில் ஒருவர் இறந்திருந்தால், 'போலீஸ் பிடியில் இருந்தபோது இறந்தார்' என்று முழுதாகவே எழுதுங்கள்.