வண்டியைத் தூக்கினால் ஷாஃப்ட் என்ன ஆகும்?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஜீப்புக்கோ ஜிப்ஸிக்கோ வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கப் போனால் பேச்செல்லாம் உயரத்தைப் பற்றித்தான்: 2 அங்குலம் போதுமா, 3 அங்குலம் வேண்டுமா? எஞ்சினின் சக்தியை அச்சுக்குக் கொண்டுபோகும் சுழலும் குழாயான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சஸ்பென்ஷனைத் தூக்கும்போது வண்டி முழுவதும் உயர்வதில்லை. சேசிஸ் உயர்கிறது, அதோடு எஞ்சின், கியர் பாக்ஸ், சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் மேலே போகின்றன. அச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர். மேலே போன டிரான்ஸ்பர் கேஸையும் அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுத்தபடி கீழேயே நின்றுவிட்ட டிபரென்ஷியலையும் இணைப்பது ஷாஃப்ட். பெரிய டயர் மாட்டினால் இரண்டு முனைகளும் சேர்ந்தே உயரும், கோணம் மாறாது. பாடியை மட்டும் சேசிஸிலிருந்து தூக்கினாலும் மாறாது. சஸ்பென்ஷன் லிஃப்ட் ஒன்றுதான் ஷாஃப்டின் இரு முனைகளையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்குகிறது.

ஷாஃப்ட் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சிக்கல். சுவரில் ஒரே உயரத்தைத் தொடும்படி சாய்த்தால் நீள ஏணியைவிடக் குட்டை ஏணி செங்குத்தாக நிற்கிறதல்லவா, அதே கணக்குதான். 60 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்டில் இரு முனைகளின் உயர வித்தியாசம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், சாய்வு சுமார் 14.5 டிகிரி. 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. தூக்கினால் அது சுமார் 19 டிகிரி ஆகிவிடும். இதே லிஃப்டை 120 செ.மீ. ஷாஃப்ட் உள்ள வண்டிக்குச் செய்தால் 7 டிகிரி 9.5 டிகிரி ஆகும், அவ்வளவே. மாருதி ஜிப்ஸியில் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கும், அதற்கென்று ஒரு குட்டி ஷாஃப்டும் உண்டு. அதனால் பின் ஷாஃப்டுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஜிப்ஸிக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியது இதனால்தான்.

கோணம் கூடினால் என்ன கெட்டுவிடும்? ஷாஃப்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. பட்டறையில் கிராஸ் என்பார்கள். கூட்டல் குறி வடிவிலான எஃகுத் துண்டு. எதிரெதிரான இரண்டு முனைகளை ஒரு கவையும் மற்ற இரண்டை இன்னொரு கவையும் பிடித்திருக்கும். தள்ளும் கவையின் முனைகள் ஒரு வட்டத்தில் சுற்றுகின்றன. சாய்ந்திருக்கும் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வட்டம் நீள்வட்டமாகத் தெரியும். அதனால் இந்தப் பக்கம் சீராகச் சுற்றினாலும் அந்தப் பக்கம் சீராகச் சுற்ற முடியாது: ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். 5 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் 0.4 சதவீதம்தான். 10 டிகிரியில் 1.5 சதவீதம், 20 டிகிரியில் ஏறத்தாழ 6 சதவீதம். கோணம் இரட்டிப்பானால் தடுமாற்றம் நான்கு மடங்காகிறது. "இன்னும் ஓர் அங்குலம்தானே" என்ற எண்ணத்தை இந்த வர்க்கக் கணக்கு மன்னிப்பதில்லை.

இந்தத் தடுமாற்றம் டிபரென்ஷியல்வரை போகாமல் தடுப்பது மறுமுனையில் உள்ள கிராஸ். இரண்டு கிராஸ்களும் ஒரே அளவு சாய்ந்து, ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முதலாவது கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த பொறியமைப்பு இது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அதன் அழகு குறைவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோணங்கள் சமமாக இருந்தாலும் நடுவில் உள்ள குழாய் தடுமாறிக்கொண்டேதான் சுற்றுகிறது. அதன் எடையே அதிர்வைத் தரும். சமம் என்பதற்காக எவ்வளவு பெரிய கோணத்தையும் வைத்துவிட முடியாது.

லிஃப்ட் அந்தச் சமத்தையும் குலைக்கிறது. அச்சைச் சேசிஸோடு பிணைத்திருக்கும் இரும்புக் கைகள் ஒரு வில்வட்டத்தில் அசைபவை; அவற்றின் கோணம் மாறும்போது அச்சு சற்றே உருளும், ஷாஃப்ட் வந்து சேரும் டிபரென்ஷியல் பல்சக்கரமான பினியனின் முகம் மேலோ கீழோ திரும்பும். லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) வண்டியில், ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டாலும் இதேதான். முன் கோணம் 19, பின் கோணம் 14 என்று ஆகிவிட்டால் மீதித் தடுமாற்றம் நேராக டிபரென்ஷியலுக்குள் இருக்கும் கிரௌன் பினியனுக்குப் போகிறது.

காட்டுப் பாதையில் இது தெரியாது. அங்கே வேகம் குறைவு. ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி 80 கி.மீ. வேகத்தில் போகும்போதுதான் தெரியும். 70 செ.மீ. விட்டமுள்ள டயர் அப்போது வினாடிக்கு சுமார் 10 முறை சுற்றும். டிபரென்ஷியல் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் 40 முறை. சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பதால் வினாடிக்கு 80 அதிர்வு: இருக்கைக்கு அடியிலிருந்து வரும் தாழ்ந்த முனகல். கிளட்சை மிதித்தாலும் நிற்காமல், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கினால் எஞ்சினைக் குறை சொல்லாமல் ஷாஃப்டைப் பாருங்கள்.

அல்சூரில் பட்டறை வைத்திருக்கும் வேலூர்க்காரர் ஒருவர், லிஃப்ட் செய்த ஜீப்பிலிருந்து கழற்றிய கிராஸைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "நகத்தை வைத்துப் பாருங்கள் தம்பி" என்றார். பளபளப்பாக இருக்க வேண்டிய முனையில் ஊசி பேரிங்கின் ஒவ்வோர் ஊசியும் ஒரு கோடு பதித்திருந்தது. நகம் ஒவ்வொரு கோட்டிலும் தட்டியது. கப்பின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் துருப்பொடி. கிரீஸ் வற்றி உலோகம் உலோகத்தை அரைத்ததற்கான அடையாளம் அது. ஜீப்பின் உரிமையாளர் அதுவரை சக்கர பாலன்சிங்குக்குத்தான் செலவு செய்துகொண்டிருந்தார்.

கோணத்தோடு நீளமும் மாறுகிறது. முதல் கணக்கில் சொன்ன 60 செ.மீ. ஷாஃப்ட், 5 செ.மீ. தூக்கிய பிறகு சுமார் 1.4 செ.மீ. நீள வேண்டும். ஷாஃப்டின் இரண்டு துண்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று நழுவவிடும் பற்கள் அதைக் கொடுக்கும்; ஆனால் பிடித்திருக்கும் பற்களின் நீளம் குறைகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இன்னும் வெளியே வரும்.

மகிந்திரா தாரின் முன்பக்கம் வேறு கதை. அங்கே டிபரென்ஷியல் சேசிஸோடு சேர்ந்து உயர்வதால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறாது. சக்கரத்துக்குப் போகும் அரை ஷாஃப்டுகள்தான் சாய்கின்றன. அவற்றில் இருப்பது சாய்ந்தாலும் சீரான வேகத்தில் சுற்றும் சி.வி. ஜாயிண்ட் என்பதால் வேகத் தடுமாற்றம் இல்லை. ஆனால் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் தெறித்துப் போகும், சேறு உள்ளே புகும். பின்பக்கம் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் முழு அச்சு. மேலே சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்தும்.

தீர்வுகள் உண்டு. லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வைத்துப் பினியனைத் திருப்பலாம். டிரான்ஸ்பர் கேஸைக் கொஞ்சம் இறக்கலாம். அதற்கு விலை, வயிற்றுக்கு அடியில் சம்பாதித்த இடைவெளியில் ஒரு பங்கு. டிரான்ஸ்பர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்த இரட்டை கிராஸ் போடுவதே பெரிய கோணத்துக்கு நல்ல வழி. அப்போது பினியன் நேராக அந்த முனையைப் பார்க்கும்படி திருப்ப வேண்டும், சம கோண விதி இங்கே செல்லாது. குழாயை வெட்டி நீட்டினால் பாலன்சிங் செய்யாமல் மாட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பணம் கட்டுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். குட்டை ஷாஃப்ட் வண்டிக்கு 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் என் கட்சி.

லிஃப்ட் முடிந்ததும் பட்டறையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, அச்சு முழுவதும் தொங்கும் நிலையில், கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கவைகள் எங்காவது முட்டினாலோ, பற்களின் பிடிப்பு மிகக் குறைந்திருந்தாலோ, அச்சு அவ்வளவு கீழே இறங்காதபடி தடுப்புப் பட்டை கட்டிவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும்.