எவிடென்ஸ்: சாட்சியா, ஆதாரமா, சான்றா?

நாமக்கல் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பேத்தியை மடியில் வைத்திருந்த பாட்டி கேட்டார்: "ஏனுங்க நர்ஸம்மா, புள்ளைக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. ஊட்டுல கொல்லிமலைத் தேன் இருக்குது, சித்தெ நாக்குல தடவலாமுங்களா?" நர்ஸ் வாய் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்சு அம்மா முந்திக்கொண்டார்: "தாராளமா தடவுங்க. எம்பட பேரனுக்கு மூணே நாள்ல நின்னுது. நானே கண்ணுல பாத்தனுங்க."

அந்த அம்மா சொன்னதற்குப் பெயர் சாட்சி. வடமொழியில் 'அக்ஷி' என்றால் கண். கண்ணால் கண்டவர் சாட்சி. எவிடென்ஸும் கண்ணில் பிறந்த சொல்தான். லத்தீனில் 'விதேரே' என்றால் காண்பது, அதிலிருந்து வந்த 'எவிதென்ஷியா' பளிச்சென்று தெரிவதைக் குறித்தது. சிக்கல் என்னவென்றால், சளி இருமல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். தேன் தராத பேரனுக்கும் நின்றிருக்கலாம். அதை யார் பார்த்தார்கள்?

ஆதாரம் என்றால் தாங்குவது. பவானியும் அமராவதியும் நமக்கு நீராதாரம். மருத்துவத்தில் 'ஆதாரம் தேடினேன்' என்றால், முடிவை எடுத்துவிட்டு அதற்கு முட்டுக் கொடுக்கத் தேடியதுபோல என் காதில் விழுகிறது.

சான்று 'சால்' என்ற வேரில் கிளைத்தது. சாலுதல் என்றால் நிறைதல், போதுமானதாதல். 'சாலச் சிறந்தது', சான்றோர் எல்லாம் அந்தக் குடும்பம். 'இந்திரனே சாலுங் கரி' என்ற குறளில் வரும் 'கரி' சாட்சிக்கான பழஞ்சொல். அந்தக் கரியும் 'சால' வேண்டியிருக்கிறது, போதுமானதாக இருக்க வேண்டியிருக்கிறது. கண்டால் மட்டும் போதாது, கண்டது போதுமா என்று நிறுக்க வேண்டும். ஆகவே, ஆய்வுகள் காட்டுவதை நிறுத்துப் பார்த்துச் சிகிச்சையை முடிவுசெய்யும் எவிடென்ஸ் பேஸ்டு மெடிசின் என்பதற்குச் 'சான்றுவழி மருத்துவம்' என்பதே என் தேர்வு. தாலுகா ஆபீஸில் வாங்கும் சாதிச் சான்று நினைவுக்கு வரத்தான் செய்யும், வந்துவிட்டுப் போகட்டும்.

ஆங்கிலத் தொடருக்கு வயது அதிகமில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து கார்டன் கையாட் 1991இல் அச்சில் புழங்கவிட்டார்.

அதோடு ஒட்டிப் பிறந்தது லிட்டரேச்சர் சர்ச். இதை 'மருத்துவ இலக்கியத் தேடல்' என்று அச்சடித்த பாடக்குறிப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஏதோ சிலப்பதிகாரத்தில் காய்ச்சலுக்கு மருந்து தேடுவதுபோல! இங்கே லிட்டரேச்சர் என்பது ஒரு துறையில் வெளியான கட்டுரைகளின் திரள், அவ்வளவே. 'ஆய்வேடு' என்றாலும் முனைவர் பட்டத்துக்கு எழுதுவதாகிவிடும். 'சான்றுத் தேடல்' போதும்.

தேடுவதற்கு முன் கேள்வியை நான்காக உடைக்கிறார்கள்: யாருக்கு, எதைக் கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன்? ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதைப் பிக்கோ என்பார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறுமனே 'தேன்' என்று தட்டினால் தேனீ வளர்ப்புவரை வந்து கொட்டும். குழந்தை, தேன், இருமல், ஒப்பீட்டு ஆய்வு என்று சேர்த்துத் தட்டினால் வலை சுருங்கும்.

அப்படிச் சிக்குவதில் ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2018இல் புதுப்பித்த தொகுப்பாய்வு. 6 ஆய்வுகள், 899 குழந்தைகள். ஒன்றும் தராமல் விட்டதைவிடத் தேன் தந்தபோது இருமல் குறைந்திருக்கிறது. பெஞ்சு அம்மா சொன்னது முழுக்கப் பிழையில்லை.

ஆனால் நான்கில் முதல் கேள்வி 'யாருக்கு'. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் ஒரு வயது தாண்டியவர்கள். அதற்குக் கீழே தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நச்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கலாம். பேத்திக்கு எட்டு மாதம்.

நர்ஸ் அதைச் சொல்லி, குழந்தையை டாக்டரிடம் காட்டச் சீட்டு எழுதினார். பாட்டி எழுந்துகொண்டே சொன்னார்: "செரியுங்க. தேன் கெட்டா போயிரும்? மொதப் பொறந்தநாளு கழியட்டும்."