மேல்மாடி ஃப்ளாட்டில் இரவு பத்து மணிக்கு ஏன் தகிக்கிறது?

சென்னையில் மே மாதத்தில் மேல்மாடியில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். மதியம் இரண்டு மணியை எப்படியோ ஓட்டிவிடலாம், இரவு ஒன்பது பத்து மணிதான் கொடுமை. வெளியே கடற்காற்று அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே ஃபேனைப் போட்டால் தலையில் அனல் கொட்டும்.

பழியெல்லாம் கூரைத் தளத்துக்கு. ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, அதற்கும் மேலே தட்டோடு. உச்சி வெயிலில் சூடேறுவது ஓட்டின் மேற்பரப்புதான். அந்தச் சூடு கீழே இறங்கி வர நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மதியம் வாங்கிய வெயிலைச் சீலிங் இருட்டிய பிறகுதான் அறைக்குள் விடுகிறது. அதுவும் காற்றைச் சூடாக்குவதோடு நிற்காமல், அடுப்பருகே நின்றால் முகத்தில் படுவதுபோல நேராக உடம்பில் வந்து படுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. உள்ளிருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ. மேலே இருக்கும் கான்கிரீட்டோ 3,300 கிலோ. ஒரு டிகிரி சூடேற, காற்று வாங்குவதைப்போல 70 மடங்கு வெப்பத்தைத் தளம் வாங்கிக்கொள்ளும். ஏசியை அணைத்த கால் மணி நேரத்தில் மறுபடி புழுங்குவது இதனால்தான். குளிர்ந்தது காற்று மட்டும், தளம் இல்லை.

ஆகவே வெயிலை ஓட்டின் மேலேயே தடுப்பதுதான் மலிவான வழி. பாசியும் தூசும் போகத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளைக் கூல்ரூஃப் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் செதில் செதிலாக உரிந்துவரும். அழுக்கேறிய வெள்ளை வெயிலை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது. கோடைக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். மாலையில் மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதில் பெரும்பகுதி வீண். குளிர்விப்பது ஆவியாகும் நீர்தான், குழாய் வழியே ஓடுவது அல்ல. அந்த அறையின் கான்கிரீட்டை ஐந்து டிகிரி இறக்க ஆறு லிட்டர் ஆவியானாலே போதும். சணல் சாக்கைப் பரப்பி நனைத்து வைத்தால் வேலை நடக்கும், தளத்தில் விரிசல் இல்லாதவரை.

நடுமாடிக்காரர்களுக்கு எதிரி மேற்குச் சுவர். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் கோடையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடே பெரும்பாலும் போதும். நாலு மணி வெயில் அப்படியல்ல, சாய்ந்து சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை, கண்ணாடியைத் தாண்டிய வெப்பத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் சுற்றும். மூங்கில் தட்டியை வெளியே கட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. நீண்ட நடையின் இருபுறமும் வீடுகளை அடுக்கிய கட்டடங்களில் பல ஃப்ளாட்டுகளுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். போக வழியில்லாத காற்று வரவும் வராது. ஒரு பக்க ஜன்னலால் காற்று நுழையும் ஆழம், அறை உயரத்தைப்போல இரண்டரை மடங்குதான். போதாக்குறைக்கு ஸ்லைடிங் ஜன்னல்: நான்கடிக்கு நான்கடி என்று பெயர், திறப்பது பாதி. வீடு பார்க்கப் போகும்போது ஊதுபத்தி ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. கடற்காற்று வீசும் மாலையில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஹால் நடுவே கொளுத்துங்கள். புகை நேராக மேலே போனால், ஹால் எத்தனை சதுரஅடி இருந்தும் என்ன?

ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருப்பதையே சுற்றுகிறது. மேலே சொன்ன அறையில் இருவர் தூங்கினால் மணிக்குச் சுமார் 25 லிட்டர் கரியமில வாயு சேரும். அறைக் கொள்ளளவு 34,000 லிட்டர். இடுக்கே இல்லாமல் அடைத்திருந்தால் மணிக்கு 700 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 700 பங்கு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 425 அளவில்தான். கதவடியில் ஒரு விரல் இடைவெளி விட்டால் நிலைமை மாறும்.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதி: வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு அதை ஓட்டினால், கிடைக்கிற துளை வழியாகக் காற்றை இழுக்கும். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால், தரையிலுள்ள நஹானி ட்ராப்பில், அதாவது சாக்கடைக் காற்றைத் தடுக்கும் வடிகால் கிண்ணத்தில், நிற்க வேண்டிய இரண்டங்குலத் தண்ணீர் வற்றிப் போயிருக்கலாம். பிறகு வீட்டுக்குள் வருவது சாக்கடைக் காற்று, கூடவே கரப்பான். ஆசிட் ஊற்றித் தேய்த்தாலும் நாற்றம் போகாது. ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.