மலை இறங்கும் முன்பே முதல் ஊசி

31 வாரக் கர்ப்பத்தில் பனிக்குடம் உடைந்து ஒரு பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் உடனே 108-க்குப் போன் போகிறது. சரிதான். ஆனால் சித்தேரி, அஞ்செட்டி போன்ற மலையூர்களில் வண்டி ஏறி, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் டாக்டர் பார்ப்பதற்குள் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். குழந்தையின் நுரையீரலுக்கு அந்த நேரம் விலைமதிப்பில்லாதது. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முன், குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியின் முதல் டோஸைச் செவிலியரே போடலாம். 24 முதல் 34 வாரத்துக்குள், குறைப்பிரசவ அறிகுறி உறுதியாக இருந்தால்.

கருவிலிருக்கும் நுரையீரலில் காற்று இல்லை, நீர்தான் இருக்கும். ஏறக்குறைய 24 வாரத்திலிருந்து காற்றறைகளின் உட்சுவரிலுள்ள இரண்டாம் வகைச் செல்கள், கொழுப்பும் புரதமும் கலந்த சர்ஃபாக்டன்ட் என்ற பொருளைச் சுரக்கத் தொடங்கும். தேவையான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். அது குறைந்தால், மூச்சு வெளியேறும்போதெல்லாம் காற்றறைகள் ஈரமான பாலித்தீன் பை போல ஒட்டிக்கொள்ளும். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், மூச்சு விடும்போது முனகல் கேட்கும். முனகுவதை அழுகை என்று எண்ணிச் சும்மா இருந்துவிடக் கூடாது. காற்றறை மூடிவிடாமல் இருக்க, குரல்வளையை இறுக்கிக் காற்றைப் பிடித்துவைக்கக் குழந்தை படும் பாடு அது.

நிறைமாதம் நெருங்கும்போது குழந்தையின் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் அதிகரித்து, நுரையீரலைத் தயாராகச் சொல்கிறது. ஊசி அதே கட்டளையை முன்கூட்டியே கொடுக்கிறது: சர்ஃபாக்டன்ட் கூடும், காற்றறைச் சுவர் மெலியும், நீர் உறிஞ்சப்படும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் 1969-இல் ஆடுகளில் கண்டதை, 1972-இல் குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் நிறுவினார். மூளையில் ரத்தக்கசிவு ஏற்படுவதும் இதனால் குறைகிறது. ஆண் ஹார்மோன்கள் நேரெதிர், முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும். ஒரே வாரத்தில் பிறந்தாலும் ஆண் குழந்தைகள் மூச்சுக்குக் கூடுதலாகத் திணறுவதற்கு அது ஒரு காரணம். 'ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது' என்று ஊரில் சொல்வது நுரையீரல் விஷயத்தில் தப்பு. ஒரு வாரம் கூடினால் ஒரு வார பலம்.

அளவு 6 மில்லிகிராம், தசையில், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 4 டோஸ். வழக்கமாகக் கிடைக்கும் 2 மில்லி குப்பியில் மில்லிக்கு 4 மில்லிகிராம், ஆக 1.5 மில்லி எடுக்க வேண்டும். அவசரத்தில் குப்பி முழுவதையும் ஏற்றுவதும், 1 மில்லியோடு நிறுத்துவதும் நடக்கிற தவறுகள். 'ஆஸ்துமாவுக்கு ஏற்கெனவே பிரெட்னிசோலோன் சாப்பிடுறாங்க' என்று ஊசியை விட்டுவிடக் கூடாது. அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் அந்த மாத்திரையின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும், குழந்தைக்குப் போய்ச் சேராது. டெக்ஸாமெத்தசோன் கடந்துபோகும்.

முழுப் பலன் 24 மணி நேரத்துக்குப் பின் தொடங்கி ஒரு வாரம்வரை. அதற்காக, சில மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிடும்போல் இருக்கிறதே என்று முதல் டோஸைத் தவிர்க்க வேண்டாம், அரைகுறைப் பலனும் பலன்தான்.

வாரக் கணக்கு தப்பினால்தான் சிக்கல். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், நிறைமாதத்தை ஒட்டிய பலருக்கும் ஊசி போனது. பச்சிளங்குழந்தை இறப்பு கூடியது. 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்து மருத்துவமனையில் கொடுத்தார்கள், இறப்பு குறைந்தது. ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், ஏழாம் மாதம் ஊர் திரும்பும் பெண்களிடம் பெரும்பாலும் அதுதான் இருக்காது. கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் மூன்று வாரம்வரை முன்பின் காட்டலாம். வளர்ச்சி குன்றிய குழந்தையின் வாரம் குறைவாகவே தெரியும்.

தாய்க்குக் காய்ச்சலோ நாற்றமடிக்கும் நீரோ இருந்தால், கர்ப்பப்பைத் தொற்றா என்று டாக்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும், இன்சுலினைக் கூட்ட வேண்டிவரலாம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடுவதும் ஊசியால் நேரலாம், அதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது.

"ஸ்டீராய்டா? உடம்பு ஊதிடுமே கண்ணு, வேண்டாம்" என்று மாமியார் தடுத்தால், "மாசக்கணக்கா சாப்பிட்டாத்தான் ஊதும் அம்மா, இது ரெண்டு நாள் ஊசி" என்று செவிலியர் சொல்லலாம். அது உண்மையும்கூட. வலி நின்று வீடு திரும்பியவருக்கு வாராவாரம் திரும்பப் போடும் வழக்கம் மட்டும் கூடாது.

அனுப்பும் சீட்டில் 'ஸ்டீராய்டு போடப்பட்டது' என்று எழுதினால் போதாது. மருந்தின் பெயர், 6 மில்லிகிராம், மாலை 4 மணி, அடுத்தது அதிகாலை 4 மணி என்று எழுதுங்கள். அந்த அதிகாலை டோஸ்தான் வார்டு மாறும்போது அடிக்கடி விட்டுப்போகிறது.