கணினி ஸ்லோ ஆனால் ஹேக் ஆகிவிட்டது என்று யார் சொன்னது?

"சார், என் கம்ப்யூட்டரை எவனோ ஹேக் பண்ணிட்டான். ஒரே ஸ்லோ."

போன வாரம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர் கையில் ஒரு நோட்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கணினி திணறியது என்று ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்தேன். விசிறியைச் சுற்றிக் கம்பளி நெய்தது போலத் தூசி. ஹார்ட் டிஸ்கில் மிச்சமிருந்த இடம் இரண்டு ஜிபி. யாரும் நுழையவில்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்கூடத் தெரிந்தது.

அன்று மாலையே இன்னொருவர் லேப்டாப்போடு வந்தார். அவருடைய மின்னஞ்சலுக்குள் மூன்றாவது தடவையாக யாரோ புகுந்திருக்கிறார்கள். மூன்று தடவையும் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். "ஆனா லேப்டாப்ல பிரச்சினை இருக்காது சார். சும்மா பறக்குது. ஆன்டிவைரஸும் பச்சை டிக் காட்டுது" என்றார். திருட்டு நடந்தது அந்தப் பறக்கிற லேப்டாப்பில்தான்.

இந்த இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துவிட்டது. ஆகவே, முதலில் இந்த ஸ்லோ கதையை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. 2003-ல் பிளாஸ்டர் என்ற வைரஸ் வந்தபோது திரையில் 60 விநாடி கவுன்ட்டவுன் ஓடி, கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். அடுத்த வருடம் வந்த சாசரும் அதே ரகம். அந்தக் காலத்து வைரஸ் ஊரைக் கூட்டிச் சத்தம் போடும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், இப்போதும் ஹேக் என்றால் கணினி நடுங்க வேண்டும், திரை மின்ன வேண்டும், மவுஸ் தானாக ஓட வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். இன்றைக்குத் திருடுகிறவனுக்கு உங்கள் கணினி ஸ்லோ ஆவதில் ஒரு லாபமும் கிடையாது. ஸ்லோ ஆனால் நீங்கள் என்னிடம் வந்துவிடுவீர்கள். அவனுக்கு வேண்டியதெல்லாம் நீங்கள் ஒன்றும் கவனிக்காமல் இருப்பது.

கணினி ஸ்லோ ஆவதற்குக் காரணங்கள் ஆயிரம். டிஸ்க் நிரம்பியிருக்கும், அல்லது சாகப்போகிறதாக இருக்கும். ரேம் போதாது. பிரவுசரில் நாற்பது டேப் திறந்திருக்கும். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும். தூசி அடைத்துச் சூடேறினால் ப்ராசஸரே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஐம்பது அறுபது வரிகளைப் பார்த்துவிட்டு நடு இரவில் எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறவர்களே, அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை. எல்லோர் வீட்டுக் கணினியிலும் அத்தனை இருக்கும். தூங்குங்கள்.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. உங்கள் ப்ராசஸரை வைத்து அவன் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறான் என்றால், நீங்கள் எதுவும் செய்யாதபோதும் விசிறி இரையும். அதிலும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்: டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பூனை போல உட்கார்ந்திருக்கும் மென்பொருள்களும் உண்டு. திறந்தால் அமைதி, மூடினால் இரைச்சல் என்று மாறி மாறி வந்தால் அப்போது சந்தேகப்படுங்கள்.

சரி, எங்கேதான் பார்ப்பது? முதலில் உங்கள் கணக்குகளில்.

அந்த லேப்டாப்காரருடைய ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து, பக்கத்தின் அடியில் வலது மூலைக்குப் போனேன். கடைசியாக எப்போது கணக்கு பயன்படுத்தப்பட்டது என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதன் கீழே 'விவரங்கள்' என்று ஒரு இணைப்பு. இத்தனை வருடத்தில் அதை ஒருமுறைகூட அழுத்தியதில்லை என்றார். அழுத்தினால், அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவரிடம் இல்லாத ஒரு பிரவுசரிலிருந்து நுழைவுகள். (இந்தப் பட்டியலில் ஊர்ப்பெயர் கொஞ்சம் தள்ளிக் காட்டினால் அதற்குள் அலற வேண்டாம். இணைய நிறுவனத்தின் முகவரியைப் பொறுத்து அது தப்பாகவும் காட்டும். நேரத்தையும் சாதனத்தையும் பாருங்கள்.)

அடுத்து அமைப்புகளில் ஃபில்டர் பக்கம். அவர் போடாத ஃபில்டர் ஒன்று இருந்தது. 'பாஸ்வேர்டு', 'பாதுகாப்பு' என்ற சொற்கள் உள்ள எந்த மின்னஞ்சல் வந்தாலும், படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பு. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. இவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டை முப்பது தடவை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு வருவதை வேறு முகவரிக்குத் தள்ளிவிடும் ஃபார்வர்டிங்கில் தெரியாத முகவரி இருக்கிறதா, மீட்புக்கான போன் எண் உங்களுடையதுதானா, உங்கள் கணக்கைத் தொட அனுமதி பெற்ற செயலிகள் எவை என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டிலும் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியல் இருக்கிறது.

பிறகு டவுன்லோட்ஸ் ஃபோல்டர். ஒரு வீட்டின் வரலாறே அங்கேதான் இருக்கும். வீட்டுப் பையன் கணினி விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க 'சீட்' (cheat) தேடியிருக்கிறான். பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப் ஃபைல், பக்கத்திலேயே ஒரு குறிப்பு: பாஸ்வேர்டு 1234, இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும். பூட்டிய ஜிப்புக்குள் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பூட்டு. உள்ளே இருந்த ஃபைல் 700 எம்பி. அதில் பெரும்பகுதி வெறும் காற்று. பெரிய ஃபைல் என்றால் பல ஸ்கேனர்கள் தொடாமல் விட்டுவிடும் என்பதால் ஊதிப் பெருக்கி வைப்பார்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிற எதுவும் உங்களுக்கு நல்லது செய்ய வரவில்லை. தம்பிகளா, இதை எத்தனை தடவைதான் சொல்வது?

அந்தப் பச்சை டிக்குக்கு வருவோம். விண்டோஸ் டிஃபெண்டரில் விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, 'எக்ஸ்க்லூஷன்ஸ்' என்று இருக்கும். இந்த இடங்களை ஸ்கேன் செய்யாதே என்று அதற்குச் சொல்லிவைக்கும் இடம். இவருடையதில் சி டிரைவ் முழுவதும் விலக்கப்பட்டிருந்தது. காவல்காரரை வாசலில் உட்காரவைத்து, வீட்டுப் பக்கம் திரும்பாதே என்று சொன்னது போல. அவரும் 'எல்லாம் நலம்' என்று பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பட்டியல் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் காலியாக இருக்க வேண்டும்.

பட்டியல் காலியாக இருந்தாலும் 'சுத்தம்' என்ற பதிலுக்கு ஓரளவுதான் மதிப்பு. ரெட்லைன், லும்மா போன்ற தகவல் திருடிகள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் வாரி அனுப்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வதில்லை. வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்கிறவையும் உண்டு. திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்தால் வீட்டில் திருடன் இல்லை என்றுதானே தெரியும்?

குக்கீ போனால் என்ன ஆகும்? நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும், இவரை மறுபடி கேட்காதே என்று ஒரு சீட்டு பிரவுசரில் தங்கிவிடுகிறது. அந்தச் சீட்டை நகலெடுத்தவனிடமும் யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள். "டூ ஸ்டெப் போட்டிருந்தேனே, எப்படிப் போனான்?" என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில்.

இன்னொரு பக்கம், 'நீங்கள் ஹேக் செய்யப்பட்டுவிட்டீர்கள்' என்று உங்கள் முகத்துக்கு நேராகக் கத்துகிறவர்கள். இவர்களில் பெரும்பாலோர் பொய்யர்கள். திரை முழுக்கச் சிவப்பு, சைரன், கீழே ஒரு போன் நம்பர் வந்தால் அது வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள், போகாவிட்டால் கணினியை அணையுங்கள். பொழுதன்றைக்கும் திரையின் மூலையில் '5 வைரஸ்கள்' என்று எட்டிப் பார்ப்பது, நீங்கள் எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிபிகேஷன் அனுமதி கொடுத்ததன் பலன். பிரவுசர் அமைப்பில் அந்த அனுமதியை எடுத்தால் ஓய்ந்துவிடும்.

தயவுசெய்து அந்த நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். செய்தால், தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்ற எதையாவது இறக்கச் சொல்லி உள்ளே வருவார்கள். பிறகு ஒரு நாடகம் நடக்கும். விண்டோஸ் தன் சின்னச் சின்னப் பிழைகளையும் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டுவார்கள். புத்தம் புதுக் கணினியிலும் அவை இருக்கும். நெட்ஸ்டாட் என்ற கட்டளையைப் போட்டு, 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பைக் காட்டி, வெளிநாட்டுக்காரன் நுழைந்துவிட்டான் என்பார்கள். இணைப்பின் மறுமுனை முகவரி என்பதுதான் அதற்குப் பொருள், நீங்கள் திறந்துவைத்திருக்கும் செய்தித்தளமும் அங்கே இருக்கும். 888 என்று தொடங்கும் ஒரு நீளமான எண்ணைக் காட்டி, இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண் என்பார்கள். அது விண்டோஸ் கணினி எல்லாவற்றிலும் இருக்கும் ஒரே எண். ஒரு பெரியவர் அதை மனப்பாடமாக என்னிடம் ஒப்பித்தார். என் கணினியில் அதே எண்ணைக் காட்டினேன். அதன்பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

'உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்தேன், இதோ உன் பாஸ்வேர்டு' என்று வரும் மிரட்டல் மின்னஞ்சலும் இதே வகையறா. 2018 முதல் சுற்றுகிறது. அந்தப் பாஸ்வேர்டு 2012-ல் லிங்க்ட்இன்னில் நடந்தது போன்ற பழைய கசிவுகளிலிருந்து எடுத்ததாக இருக்கும். கணினிப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று தெரியும். பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள்.

நிஜமாகவே உள்ளே வந்திருக்கிறார்கள் என்றால் வரிசை முக்கியம். முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள்! நம் லேப்டாப்காரர் மூன்று முறை செய்தது அதைத்தான். புதுச் சாவியை ஒவ்வொரு தடவையும் அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். வேறொரு கணினியிலோ போனிலோ செய்யுங்கள். மின்னஞ்சல் முதலில், மற்றக் கணக்குகளின் சாவியெல்லாம் அங்கேதான் வருகிறது. பிறகு வங்கி, பிறகு மற்றவை. ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள், அப்போதுதான் திருடுபோன சீட்டு செல்லாமல் போகும். கணினிக்கு, வேறு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதே என் வழி. ஸ்கேன் போட்டுச் சுத்தம் செய்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

இன்னும் விண்டோஸ் 10-ல் இருக்கிறவர்களுக்கு: அதன் வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எல்லோருக்கும் இன்னொன்று: 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஒட்டி, என்டர் தட்டு என்று எந்தத் தளமாவது சொன்னால் அந்தப் பக்கத்தை மூடுங்கள். அவனுடைய கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டவைக்கும் வேலை அது.

கடைசியாக, என்னைப் போன்றவர்களிடம் வரும் முன் ஒரு வேண்டுகோள். பயத்தில் ஃபைல்களையும் மின்னஞ்சல்களையும் அழித்துவிட்டு வராதீர்கள், எனக்கு மோப்பம் பிடிக்க ஒன்றுமே மிஞ்சாது. முதலில் போன கணக்கு எது, எந்தத் தேதி, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் என்ன இறக்கினீர்கள், எதை இன்ஸ்டால் செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். வீட்டுப் பிள்ளைகளைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அந்த ஜிப் ஃபைலைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.