கூவத்துக்குத் தண்ணீர் தருவது யார்?

மே மாத வெயிலில் சென்னைக்கு மேற்கே கேசவரம் அணைக்கட்டுக்குப் போனால், கூவம் என்ற பெயரில் மணலும் முட்செடியும்தான் கண்ணில் படும். அதே நாள் மாலையில் நகரத்துக்குத் திரும்பி, சேத்துப்பட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ பாலத்தின் மேல் நின்று எட்டிப் பாருங்கள். ஆறு நிறையத் தண்ணீர். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது, மேலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. பிறகு இவ்வளவும் எங்கிருந்து வந்தது?

நம் வீடுகளிலிருந்துதான். குளித்தது, துவைத்தது, அரிசி களைந்தது, கழிப்பறையில் ஊற்றியது எல்லாம் சேர்ந்து ஓடுகிறது. இதுவரை யாரும் வியக்கப்போவதில்லை. வேடிக்கை இதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. கொசஸ்தலையாறும் கூவமும் பிரிகிற இடம் கேசவரம். கூவத்தில் இறங்கக்கூடிய நீரைக் கொசஸ்தலையாற்றின் வழியே பூண்டி ஏரிக்குத் திருப்பிவிட அங்கே அணைக்கட்டு உண்டு. அதையும் தாண்டி வருகிற நீருக்கு ஜமீன் கொரட்டூரில் இன்னோர் அணைக்கட்டு காத்திருக்கிறது. அங்கிருந்து பங்காரு கால்வாய் அதைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டு போகிறது. பூண்டியும் செம்பரம்பாக்கமும் சென்னையின் குடிநீர் ஏரிகள். ஆக, ஆற்று நீரை ஊருக்கு வெளியே பிடித்து, குழாயில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பயன்படுத்திவிட்டு, அதே ஆற்றில் ஊருக்குள்ளே ஊற்றுகிறோம். கூவம் வற்றிவிடவில்லை. நம் குளியலறை வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது.

இந்தச் சுற்றுப்பாதையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 'ஒருங்கிணைந்த நகர நீர் மேலாண்மை' என்று திட்ட அறிக்கைகளில் வரும் நீண்ட தொடருக்கு உயிர் வரும். மழைநீர், ஏரி நீர், நிலத்தடி நீர், கழிவுநீர் என்று நாம் நான்காகப் பிரித்துப் பேசுவது ஒரே நீரின் நான்கு தங்குமிடங்களைத்தான்.

முதலில் நாற்றத்தைப் பார்ப்போம், அதற்கு ஒரு தெளிவான வேதியியல் கணக்கு இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் உள்ள அழுக்கைப் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்க ஏறக்குறைய 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு குடம் சாக்கடையை ஆறு தானாகச் செரிக்க வேண்டுமானால், அதோடு முப்பது குடத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓடிவர வேண்டும். கூவத்தில் கோடையில் வருவது முப்பதும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆக்சிஜன் தீர்ந்ததும் செரிமானம் நின்றுவிடுவதில்லை. வேறு பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கின்றன. ஆக்சிஜனுக்குப் பதிலாக அவை சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். சாதாரணச் சாக்கடையில் சல்பேட் கொஞ்சமே இருக்கும். கடல்நீரிலோ லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் உண்டு. கடலிலிருந்து உள்ளே ஏறிவரும் உப்புநீர், முகத்துவாரத்தை ஒட்டிய சேற்றுக்கு இந்த விருந்தைப் பரிமாறுகிறது. சேறு கறுப்பாக இருப்பதற்கும் இதே வாயு காரணம், அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிவிடுகிறது.

அப்படியானால் கடல் தினமும் இருமுறை ஏறி இறங்கி ஆற்றைக் கழுவிவிடக் கூடாதா? சென்னைக் கரையில் அந்த வசதி குறைவு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் அளவுதான். போதாக்குறைக்கு மணல். வங்கக் கடலின் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. 1876-இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கி, கடலுக்குள் கற்சுவர் நீண்டதும் அந்த மணல் சுவரின் தென்புறம் தங்கத் தொடங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதனால்தான். கூவத்தின் வாய் துறைமுகத்துக்குச் சற்றே தெற்கே, மணல் வந்து குவிகிற அதே மூலையில் இருக்கிறது. பலமான ஓட்டம் இருந்தால் ஆறே மணலைத் தள்ளிவிடும். ஓட்டம் இல்லாத மாதங்களில் திட்டு வளர்ந்து வாய் அடைபடுகிறது. நகரமோ கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் தட்டையாகப் படுத்திருக்கிறது. சரிவும் இல்லாமல் வாயும் மூடிக்கிடந்தால், உள்ளே நிற்பதற்கு ஆறு என்று பெயர் வைத்தாலும் அது நீண்ட குட்டைதான்.

இதனால்தான் ஆற்றுக்குள் இறங்கி ஆற்றைச் சுத்தப்படுத்த முடிவதில்லை. ஆண்டுதோறும் சேற்றை வாரிக் கொட்டலாம், ஆகாயத்தாமரையை எடுக்கலாம். அடுத்த நாள் காலையில் ஊர் குளிக்கும். குடிநீராகக் கொடுத்ததில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. சென்னைக்குக் குழாய் வழியாக மட்டும் நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் அளவுக்குத் தண்ணீர் போகிறது. ஆழ்துளைக் கிணறும் லாரியும் தருவது இதற்கு மேல். அவ்வளவும் பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்துவிட்டால் ஆறு தப்பிக்கும். ஏட்டில் சென்னையின் ஏற்பாடும் அப்படித்தான்: கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்குத் தனி வடிகால். நடப்பிலோ, சாக்கடை இணைப்பு எட்டாத தெருவிலும், இணைப்புக்கு அலைய மனமில்லாத கட்டடத்திலும் கழிவுநீர் சத்தமில்லாமல் மழைநீர் வடிகாலுக்குள் திருப்பப்படுகிறது. அந்த வடிகால் நேராக ஆற்றில் இறங்குகிறது. கோடையில் மழைநீர் வடிகாலின் வாயிலிருந்து நீர் கொட்டினால் அது எந்த மழை என்று கேட்க வேண்டியதில்லை.

அந்த வாய்களை மறித்து, கழிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்க அனுப்பும் வேலையைத்தான் கூவம், அடையாறு சீரமைப்புத் திட்டங்கள் செய்துவருகின்றன. இங்கே, பலரும் பேசாத ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது. எல்லா வாய்களையும் வெற்றிகரமாக அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். கோடையில் கூவத்தில் என்ன ஓடும்? எதுவும் ஓடாது. இன்றைக்கு அதன் வரத்தே சாக்கடைதான். சாக்கடையை நிறுத்தினால் நாற்றத்தோடு ஆறும் போய்விடும்.

எனவே கழிவுநீரைச் சுத்திகரித்து என்ன செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி, அதற்குப் போட்டிக்காரர்கள் அதிகம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019-இல் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் தரக்கூடிய மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படத் தொடங்கின. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த நீரை நுண்வடிகட்டியில் செலுத்தி, பிறகு அழுத்தம் கொடுத்து எதிர்ச்சவ்வூடு பரவல் சவ்வில் தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்த நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே போகிற ஒவ்வொரு லிட்டருக்கும் ஏரியில் ஒரு லிட்டர் மிச்சம்.

கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களிலும் இதே வகைச் சவ்வுதான். ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, சுத்திகரித்த கழிவுநீரில் ஒன்றிரண்டு கிராம். உப்பு கூடக்கூட அதை மீறித் தள்ளும் அழுத்தம் கூட வேண்டும், மின்சாரமும் கூடும். கடல்நீரில் ஆயிரம் லிட்டரைத் தெளியவைக்க மூன்று நான்கு யூனிட் செலவாகிறது. வீட்டுக் கொல்லையில் ஓடுகிற மலிவான நீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, கடலிலிருந்து விலை கூடிய நீரை எடுத்து வருவது எனக்கு என்றைக்கும் புரியாத சிக்கனம். 'கழிவு' என்ற சொல்தான் மனத்தில் தடையாக நிற்கிறது போலும். சிங்கப்பூரில் 2003 முதல் சுத்திகரித்த கழிவுநீருக்கு 'நியூவாட்டர்' என்று புதுப்பெயர் சூட்டியிருப்பது விளம்பரத் தந்திரம் மட்டும் இல்லை. அங்கே குடிநீர், வடிகால், சாக்கடை, ஆறு எல்லாம் ஒரே வாரியத்தின் கையில். சென்னையில் குழாயும் பாதாளச் சாக்கடையும் 1978-இல் அமைந்த குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, ஏரியும் ஆறும் நீர்வளத் துறையுடையவை. சாக்கடை வடிகாலுக்குள் புகும்போது துறை மாறுகிறது, ஆற்றில் விழும்போது இன்னொரு முறை மாறுகிறது.

துறை பிரிந்திருப்பதன் விலையை 2015 டிசம்பரில் ஊரே கொடுத்தது. செம்பரம்பாக்கம் ஒரு குடிநீர் ஏரி. கோடைக்காக நிரப்பி வைக்க வேண்டும் என்பது அதன் தர்மம். அதே ஏரிதான் அடையாற்றின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் வெள்ளத் தடுப்பும். அந்த வேலைக்கு அது காலியாக இருக்க வேண்டும். நவம்பர் மழையில் ஏறக்குறைய நிறைந்துவிட்ட ஏரியின் மேல், டிசம்பர் 1 அன்று வானம் கொட்டித் தீர்த்தது. வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். நான்கே ஆண்டு கழித்து, 2019 ஜூனில், நான்கு குடிநீர் ஏரிகளும் தரை தெரியக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். செய்தியில் பெரிதாகத் தெரிந்தது. நூறு கோடி லிட்டரோடு ஒப்பிட்டால் நானூறில் ஒரு பங்கு.

இத்தனைக்கும் மழை நம்மை ஏமாற்றும் ஊர் இல்லை இது. சராசரியாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர். மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுவதை மட்டும் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 21 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிறைந்தால் கொள்வது 11 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். விழுகிற மழையில் பாதியையாவது தரைக்குள் இறக்கினால் போதும். ஆனால் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில், அதுவும் சில நாட்களில் வந்துவிடுகிறது. அவ்வளவு அவசரமாக வருகிற விருந்தாளிக்குத் திண்ணை வேண்டும். ஏரிகள்தான் அந்தத் திண்ணை. ஓர் ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து, அது நிறைந்தால் அதற்கடுத்தது. சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி காணாமல் போனால் நீர் தெருவைத் தேடிக்கொள்ளும். மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் எஞ்சிய சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூவம், அடையாற்றின் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை ஆற்றைக் காக்க என்று அப்புறப்படுத்தி, பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். அந்தப் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு நீர் வடியும் தாழ்வான பகுதி. ஆற்றங்கரையில் வெள்ளத்துக்கு அஞ்சியவர்களை வெள்ளம் தேடி வரும் இடத்தில் வைத்ததை மறுசீரமைப்பு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தரைக்குள் இறங்கும் நீருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் தாக்குப்பிடிக்கும் என்பது இரண்டின் அடர்த்தி வேறுபாடு தரும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி போயிற்று. பெசன்ட் நகர், திருவான்மியூரின் மணற்பாங்கான தரையில் மழை விழுந்ததும் இறங்கிவிடும். வேளச்சேரிக் களிமண்ணில் இறங்காது, அங்கே உறைகிணறு களிமண்ணைத் துளைத்து மணல் அடுக்கைத் தொட வேண்டும். 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் பல கிணறுகளில் மட்டம் உயர்ந்தது. வடிகட்டும் சல்லியையும் மணலையும் ஆண்டுக்கொருமுறை அள்ளிக் கழுவிப் போடாத வீடுகளில் அது இன்று ஒரு சிமென்ட் மூடி மட்டும்தான்.

ஆற்றுக்குத் திரும்புவோம். கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையம் கூவத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு இருபது கோடி லிட்டருக்குச் சற்று மேல். தொழிற்சாலைகளுக்கான பங்கை எடுத்த பிறகும் பதினைந்து கோடி லிட்டர் அளவு மிஞ்சலாம். அதை ஆற்றில் விட்டால் வினாடிக்கு ஒன்றே முக்கால் கன மீட்டர் ஓட்டம் கிடைக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொறியியல் விதி. சாதாரணமாகச் சுத்திகரித்த நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் தங்கியிருந்தால் ஆகாயத்தாமரைக்கு உரம் போட்டதாகிவிடும். அவற்றை நிலையத்திலேயே நீக்க வேண்டும், இல்லையேல் கோரையும் நாணலும் வளர்ந்த ஈரநிலத்தின் வழியே மெல்ல நடக்கவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிசம்பர் வெள்ளத்துக்கென அகலமாக்கிய படுகையில் இந்த ஒன்றே முக்கால் கன மீட்டரை விட்டால், அது கணுக்கால் நனையாத மெல்லிய தகடாகப் பரவி, வெயிலில் சூடாகி, ஓட்டமின்றி நின்றுவிடும். அதனால் பெரிய ஆற்றுக்குள் சின்ன ஆறு ஒன்றை வெட்டுகிறார்கள்: நடுவில் கோடை நீர் ஓட ஒரு குறுகலான கால், இருபுறமும் மழைக்காலத்தில் மட்டும் மூழ்கும் திட்டு. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயை உடைத்து 2012-இல் இப்படித்தான் வளைந்து ஓடவிட்டார்கள். மழை வந்தால் புல்தரையே ஆறாகிவிடும், மற்ற நாட்களில் பிள்ளைகள் விளையாடுவார்கள். அங்கே மேலிருந்து ஆண்டு முழுவதும் மழை வருகிறது. இங்கே கோடைக் காலில் ஓடப்போவது கோயம்பேட்டு நீர் மட்டும். அதுவும் நேப்பியர் பாலம் தாண்டி மணல்திட்டில் போய் முட்டும். அதைத் தள்ளும் வலு அந்த மெல்லிய ஓட்டத்துக்குக் கிடையாது, முகத்துவாரத்தில் இயந்திரம் வைத்து மணலை வாருவது கோடைதோறும் தொடரும்.