எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊத்தாதீங்க

போன மாசம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணாரு. "டாக்டரம்மா, ஆட்டுக்குத் தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்குது, பல்லு வலியா இருக்குமோ"ன்னு கேட்டாரு. போய் கண் இமையக் கீழ இழுத்துப் பாத்தேன், உள்ள சிவப்பே இல்ல, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப்போய் இருந்துச்சு. ரத்தம் குறைஞ்சு, அதுல இருக்கற புரதமும் போனதால தண்ணி தாடையில இறங்கியிருக்கு. அன்னிக்கு சாயங்காலமே செத்துப்போச்சு. உடனே வயித்தத் திறந்து நாலாவது இரைப்பைய விரிச்சுக் காட்டினேன், சிவப்பும் வெள்ளையும் சேத்து முறுக்குன நூல் மாதிரி புழு, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு சென்டிமீட்டர், கொத்துக் கொத்தா நெளியுது. அவரு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "மாசா மாசம் எல்லாத்துக்கும் மருந்து ஊத்துறேனேம்மா"ன்னாரு.

அப்படி ஊத்துனதுதான் அந்தப் புழுவ வளத்து விட்டிருக்கு.

இது ஹீமான்கஸ், ரத்தம் குடிக்கற புழு. ஒரு புழு ஒரு நாளைக்கு சுமாரா 0.05 மில்லி ரத்தம் எடுக்கும், கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும், ஆனா ஆயிரம் புழு இருந்தா 50 மில்லி, 20 கிலோ ஆட்டு உடம்புல மொத்தமே ஒன்றரை லிட்டர் ரத்தம்கூட இருக்காது. பொட்டைப் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல போடும், நம்ம ஊரு மழையிலயும் வெக்கையிலயும் ஒரே வாரத்துல அது குஞ்சுப் புழுவாகி ஈரப் புல்லு மேல ஏறி நிக்கும்.

வெள்ளாடு பிறவியிலேயே தலையத் தூக்கி தழை கடிக்கற ஜாதி. செம்மறி மாதிரி தரையோட தரையா மேஞ்சு வளந்த பரம்பரை இல்ல, அதனால இந்தப் புழுவ எதிர்க்கற சக்தி அதுக்குக் கம்மி. நாமதான் செம்பனைக்கு அடியில கட்டிப்போட்டு குட்டைப் புல்லு திங்க வைக்கிறோம். குட்டி போடற நேரத்துல தாய் ஆட்டோட எதிர்ப்பு இன்னும் இறங்கிடும், அப்ப புழு முட்டைய அள்ளிக் கொட்டும், புதுசா புல்லு கடிக்க வர்ற குட்டி வாய்க்கு நேரா.

புழுவும் சும்மா இல்ல. தயாபெண்டசோல்னு ஒரு மருந்து 1961-ல வந்துச்சு, 1964-லயே அதுக்கு அசராத ஹீமான்கஸ் கண்டுபிடிச்சிட்டாங்க, மூணே வருஷம். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாள்ல ஊத்தினா மருந்துக்குச் சாகற புழு எல்லாம் போயிடும், சாகாதது மட்டும் முட்டை போடும், அப்புறம் புல்லு முழுக்க அதோட வாரிசுதான். செம்மறி அளவப் பாத்து வெள்ளாட்டுக்கு ஊத்தறதும் இதையேதான் செய்யும், வெள்ளாட்டு உடம்பு மருந்தச் சீக்கிரமே கரைச்சிடும். அதுக்காக நீங்களா கூட்டி ஊத்தாதீங்க, சில மருந்து அளவு மீறினா ஆட்டையே கொன்னுடும், எடை பாத்துட்டு கேட்டு ஊத்துங்க.

பொதுவா ஒரு மந்தையில கால்வாசி ஆட்டுக்குள்ளதான் பெரும்பாலான புழு இருக்கும். அதனால தென்னாப்பிரிக்காவுல ஃபமாச்சானு ஒரு அட்டை செஞ்சாங்க, அஞ்சு நிறம், இமை நிறத்த அதோட ஒப்பிட்டு வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. மத்த ஆட்டுல இருக்கற சாதாரணப் புழு அப்படியே இருக்கட்டும், மருந்துக்குச் சாகற அந்த வித்து புல்லுல கலந்து கிடந்தாதான் நாளைக்கும் மருந்து வேலை செய்யும். கையில மருந்த வச்சுக்கிட்டு ஊத்தாம நிக்கறது கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

பெரியவர் கிட்ட மிச்சம் 14 ஆடு, இமை பாத்ததுல மூணுதான் வெளுப்பு. அந்த மூணுக்கு மட்டும் வேற வகை மருந்து குடுத்தோம், 12 நாள் கழிச்சு புழுக்கை டெஸ்ட்ல முட்டை நல்லாவே இறங்கியிருந்துச்சு.

நீங்களும் டெஸ்ட்டுக்குக் கொண்டு வர்றதா இருந்தா தரையில கிடக்கறதப் பொறுக்காதீங்க, ஆடு போடும்போதே பிளாஸ்டிக் பையில பிடிச்சு, காத்து இல்லாம கட்டி, ஐஸ் பெட்டில வச்சு அன்னிக்கே கொண்டு வாங்க, எந்த ஆடுன்னு பை மேல எழுதிடுங்க.